வேலை முடிந்தும் போகாத காவல்காரர்கள்

எண்பத்தாறு மாசியில் தொடங்கி நான் தருமபுரி பெரியாஸ்பத்திரியில் நாற்பத்து நாலு நாள் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அரூரில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்கிறார்கள். புளி மண்டிப் பக்கம் போனால், "பாய், உங்களுக்கு ரத்தம் தண்ணியாப் போச்சாமே" என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், என் ரத்தம் முழுவதையும் இறக்கிவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள் என்று எனக்கே விளக்கிச் சொன்னார். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் மௌத்தாகிவிட்டதாகச் சேதி வந்ததென்று கண் கலங்கினார். நான் சாகவில்லை. என் உடம்புக்குள் சில அணுக்கள் செத்திருக்க வேண்டும், அவை சாகவில்லை. அதனால்தான் நான் சாகக் கிடந்தேன். அது எப்படி என்று நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு இதே நோய் வேறு யாருக்காவது வந்தால், கொஞ்சம் பயம் குறையட்டும்.

நான் கல்யாணத்துக்கு பிரியாணி போடுகிறவன். எங்கள் பக்கம் பண்டாரி என்பார்கள். மூணாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஏலக்காய் மடித்து வருகிற பேப்பரை வைத்துப் படிக்கக் கற்றவன். படிப்பைவிடப் பேச்சில் எனக்கு ஆசை. ஒரு ஊருக்குச் சமைக்கப் போனால், அந்த ஊர்க்காரர் எப்படிப் பேசுகிறார் என்று காதில் வாங்கி வருவேன். அடுத்த ஊரில் சொல்லிக் காட்டுவேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். அந்தப் பழக்கம் என் நோயிலும் புகுந்து வேலை செய்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

தை மாதம் மொரப்பூரில் ஒரு கல்யாணம். எதிர்பாராத மழையில் நனைந்தபடி சமைத்தேன். சளியும் காய்ச்சலும் வந்து ஒரு வாரத்தில் போயின. அதற்கு மூணு வாரம் கழித்து, பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. முழங்காலுக்குக் கீழே கேழ்வரகைத் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். அடுப்புச் சூடு என்று நினைத்தேன். மோர் குடித்தேன், விளக்கெண்ணெய் வைத்துக் குளித்தேன். புள்ளி கூடிக்கொண்டே போனது. எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகமில்லை, தொடையில் நாவல்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. ஒரு நாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது மூக்கில் ரத்தம் வந்தது. அரை மணி ஆகியும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரி ஜமீலாவும் அவள் தம்பி ரஹீமும் என்னை நடுவில் உட்கார வைத்து தருமபுரிக்கு பஸ் ஏற்றினார்கள். வழி முழுக்க ஜமீலா தன் முந்தானையால் என் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிர் சீட்டுக்காரர், யார் அடித்தது என்று அவளிடம் விசாரித்தார்.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குத்தே நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்காரர் பஞ்சை வைத்து அமுக்கியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வார்டுக்கு வந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுதான் இருக்கும். மெட்ராஸில் படித்தவர், வேகமாகப் பேசுவார், ஆனால் கேட்டதற்கு நின்று பதில் சொல்வார். ரத்தத்தில் பிளேட்லெட் என்று பொடிப்பொடியாக ஒன்று இருக்கிறதாம். காயம் பட்ட இடத்தில் ஓடி வந்து ஒட்டி அடைப்பது அதன் வேலை. எல்லாருக்கும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, எனக்கு எட்டாயிரம் இருந்தது. பல் விளக்கக்கூடாது, சவரம் கூடாது, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தலைக்குள் ரத்தம் கசிந்தால் நிறுத்துவது கஷ்டம் என்றார். இருபது வருஷமாகக் கொதிக்கிற தேக்சாவைத் தூக்கி இறக்கியவன் நான். தும்மலுக்குப் பயப்பட ஆரம்பித்தேன்.

அதற்குமேல் ஒரு பயம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோயிலும் இப்படி ஆகுமாம். அதைத் தெரிந்துகொள்ள இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கிற மஜ்ஜையை எடுக்க வேண்டும். மஜ்ஜைதான் ரத்தம் உற்பத்தியாகிற இடம். மரத்துப் போக முதலில் ஒரு ஊசி போட்டார்கள். வலி பெரிதாக இல்லை. ஆனால் உறிஞ்சி இழுக்கிற அந்த ஒரு நொடியில் காலுக்குள்ளிருந்து எதையோ பிடுங்கியது போல இருந்தது. அதைக் கண்ணாடித் துண்டுகளில் தடவிச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ரஹீம், தபாலை நம்ப மாட்டேன் என்று தன் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அந்தக் கண்ணாடிகளைப் படுக்க வைத்து, மடியில் வைத்தபடியே பஸ்ஸில் போனான். தொப்பூர் கணவாயில் பஸ் வளையும்போதெல்லாம் எழுந்து நின்றுகொண்டானாம். பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, முட்டையா" என்றாராம். "எங்க மச்சான்" என்று சொல்லியிருக்கிறான்.

முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் பக்கத்துக் கட்டில் சடையன் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். சித்தேரி மலையில் சாமையும் தினையும் போடுகிறவர், வயிற்றுப் புண்ணுக்கு ஆப்பரேஷன் முடிந்து படுத்திருந்தார். காலையில் ரத்தம் எடுக்க வருகிற நர்ஸைப் பார்த்ததும், "பாயி, உங்க பால்காரி வந்துட்டாங்க, செம்பை எடுங்க" என்பார். அவர் சம்சாரம் வாரம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வரும்போது வாழைப்பழம் கொண்டு வந்து பாதித் தாரை எங்களுக்கு வைத்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். புற்றுநோய் இல்லை. மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது, பிளேட்லெட்டைத் தாராளமாகச் செய்து அனுப்புகிறது, வெளியே வந்ததும் யாரோ பிடித்து அழித்துவிடுகிறார்கள் என்றார். யார் அது என்று கேட்டேன். நீங்களேதான் என்றார். பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் காவல்கார அணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து கிருமி வந்தால் அவை ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிப் போராடுகின்றன. காய்ச்சல் விட்டதும் அத்தனை பேர் தேவையில்லை. அப்போது பெரும்பாலானவை தாமாகவே செத்துப் போகின்றன. யாரும் அடித்துக் கொல்வதில்லை. சுருங்கி, சின்னச் சின்னத் துண்டாகி, பக்கத்து அணுக்கள் அவற்றைச் சுத்தமாக எடுத்து விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, சீழில்லை. நமக்குத் தெரியாமலே தினமும் இது நடக்கிறது. பிறப்பைப் போல அந்தச் சாவும் உடம்புக்குத் தேவை. இன்னொன்றும் சொன்னார். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு. காவல் அணுக்களில் ஒரு வகை அங்கேதான் வளர்ந்து தயாராகிறது. வளரும்போதே சொந்த உடம்பைப் பார்த்து எதிரி என்று பாய்கிறவை அங்கேயே செத்துவிடுகின்றன. வெளியே வருவது கொஞ்சம்தான். இந்த இரண்டு சாவும் ஒழுங்காக நடக்கிறவரை நாம் சுகமாக இருப்போம்.

"உங்களுக்குள்ள ஏதோ ஒரு கூட்டம் சாகாம தங்கிடுச்சுன்னு நினைக்கறோம் பாய். சளிக்கு வந்தது சளி போனதும் போகல. இப்ப உங்க பிளேட்லெட்டையே திருடன்னு குறி போட்டு விடுது. குறி போட்டதை மண்ணீரல் பிடிச்சுத் தின்னுடுது. முழுசா எங்களுக்கும் தெரியாது, இன்னும் ஆராய்ச்சி நடக்குது."

மருந்து, ஸ்டீராய்டு என்கிற வகையில் ஒரு வெள்ளை மாத்திரை. காவல் அணுக்களின் வேகத்தை அடக்கும், தங்கிப் போனவற்றைச் சாகச் சொல்லும், மண்ணீரலின் கையையும் கட்டும். தினம் பன்னிரண்டு. காலையில் சாப்பிட்ட பிறகு. நர்ஸ் அன்றன்றைக்குப் பன்னிரண்டை எண்ணி ஜமீலா கையில் கொடுத்துவிடுவார். நாக்கில் பட்டால் குமட்டுகிற கசப்பு. இரண்டு நாள் நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, ஜமீலா சடையன் வீட்டு வாழைப்பழத்தைத் துண்டு போட்டு உள்ளே மாத்திரையைப் புதைத்து ஊட்ட ஆரம்பித்தாள். நான் எத்தனை விழுங்குகிறேன் என்று எண்ணியதில்லை. பொண்டாட்டி கையால் பழம் தின்கிறவன் எதற்கு எண்ண வேண்டும்?

ஒரு வாரத்தில் எட்டாயிரம் முப்பத்தெட்டாயிரம் ஆனது. புதுப் புள்ளி வரவில்லை. அன்றைக்கு எனக்கு வாய் நிற்கவில்லை. சாயங்காலம் பார்க்க வருகிற நேரம், அரூரிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள், வார்டிலும் கூட்டம். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை என் பாணியில் சொன்னேன். "நம்ம ரத்தத்துல ஒரு பட்டாளமே இருக்குதுங்க. இந்த மாத்திரை ஒவ்வொண்ணும் உள்ள போய் ஆயிரம் பேரை வெட்டிச் சாய்க்குது. பன்னெண்டு மாத்திரை, பன்னெண்டாயிரம் தலை. இன்னும் பத்து நாள்ல ஒரு சிப்பாய் மிச்சம் இருக்க மாட்டான்." வார்டே சிரித்தது. சடையன் தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய அண்ணன் இருபத்தைந்து வயசில் காய்ச்சலில் போனவர். உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை, நாங்கள் என்ன செய்வது என்று அப்போது ஒரு டாக்டர் சொன்ன வார்த்தை அவள் மனசில் அப்படியே கிடந்தது. இப்போது அவள் புருஷன், அந்த எதிர்ப்பு சக்தியைத்தான் தினம் பன்னிரண்டாயிரமாக வெட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

அடுத்த வாரம் எண்ணிக்கை பதினாலாயிரம். டாக்டரம்மா நம்பாமல் மறுபடி எடுக்கச் சொன்னார். பதிமூன்றாயிரம். ஈறில் மறுபடி ரத்தம். மாத்திரைக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்தார்கள். மிச்சம் இருக்கிற வழி, பிளேட்லெட்டைத் தின்கிற மண்ணீரலையே வயிற்றைத் திறந்து எடுத்துவிடுவது. சர்ஜன் வந்து பார்த்தார். மண்ணீரல் இல்லாமல் வாழலாம், ஆனால் ரத்தம் உறையாத ஆளுக்குக் கத்தி வைப்பது லேசான காரியமில்லை என்று என்னிடமே சொன்னார். வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும், ரஹீம் அரூர் போய் சொல்லியிருக்கிறான். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒன்பது பேர் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் ஒருநாளும் சோறு போட்டதில்லை. ஒருவர், ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே, "காதர் பாய், இனிமே உங்களுக்கு எங்க மாதிரியே கோவம் வரும் பாருங்க" என்றார்.

நான் பயந்திருந்தேன். பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லலாமா, வேண்டாமா என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜமீலா சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் எக்ஸ்ரேக்குப் போயிருந்த நேரம். சடையன் அவளிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். "ஏம்மா, தினம் நீ முந்தானையில முடியறயே மாத்திரை, அது ஆப்பரேஷன் முடிஞ்சு குடுக்கறதுங்களா?"

அவர் அதை டாக்டர் சொல்லி அவள் எடுத்து வைக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். பழத்துக்குள் நாலு மாத்திரை போகும், எட்டு முந்தானைக்குப் போகும். எட்டு நாளாக இப்படி. அவள் எழுந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கத்தியதைக்கூடக் கேட்காமல் உள்ளே போய், மேஜையில் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். அவள் சொன்னதை டாக்டரம்மா எனக்குப் பிறகு அப்படியே சொன்னார்.

"நான்தான் குடுக்கலீங்க. மாத்திரை மேல தப்பில்லீங்க, அவர் உடம்பு மேலயும் தப்பில்லீங்க. என்னைய போலீஸ்ல வேணும்னாலும் குடுங்க. அவர் வயித்தைத் திறக்காதீங்க."

டாக்டரம்மா அந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாராம். கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார் என்னிடம். இந்த மாத்திரையைத் திடீரென்று குறைத்தாலே ஆபத்து, உடம்பு நிலைகுலைந்து போகும், நான் தப்பியது பெரிய விஷயம். படிப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் குறைக்கச் சொல்லாமல் ஒரு அரை மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது. ஆனால் டாக்டரம்மா முதலில் திட்டவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். ஜமீலா என் பட்டாளக் கதையை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்திருக்கிறாள். அண்ணன் போனதையும் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். என் மூலமாக இல்லாமல் நேராக அவளுக்கே சொன்னார். "நீ பயந்தது முட்டாள்தனம் இல்லம்மா. இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வேற காய்ச்சல் வந்தா தாங்கற சக்தி குறையும், அது நெசம். அதனாலதான் கொஞ்ச நாள் குடுத்துட்டு, படிப்படியா இறக்குவோம். ஆனா இது வெட்டுக்குத்து இல்ல. தானா போயிருக்க வேண்டியதுங்க போகாம நிக்குது. போங்கன்னு சொல்றோம், அவ்வளவுதான்."

ஜமீலா யோசித்துவிட்டுக் கேட்டாளாம், "தம் போட்டதும் அடியில நெருப்பை இழுக்கறாப்புலங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஜமீலா விளக்கியிருக்கிறாள். பிரியாணிக்கு அரிசி முக்கால் வேகும்வரை அடியில் நல்ல நெருப்பு வேண்டும். நெருப்பில்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் மூடி போட்டுத் தம்முக்கு விட்டதும், எரிகிற விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். அது நல்ல விறகாச்சே, எரியட்டும் என்று விட்டால் அடி பிடித்துக் கல்யாணச் சோறு முழுக்கப் போய்விடும். அடுப்பையே இடித்துப் போடவும் தேவையில்லை. தணல் கொஞ்சம் அடியில் இருக்கத்தான் வேண்டும்.

"நான் கிளாஸ்ல படிச்சதைவிட இது நல்லா இருக்குது" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

எக்ஸ்ரே அறையிலிருந்து தள்ளுவண்டியில் நான் திரும்பி வந்தபோது, இருவரும் என் கட்டில் பக்கம் நின்றிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை. வியாழக்கிழமையை டாக்டரம்மா தள்ளி வைத்துவிட்டார். சர்ஜனிடமும் அவரே பேசினார். பதினைந்து நாள் முழு அளவு கொடுத்துப் பார்ப்போம், அதற்கும் ஏறாவிட்டால் ஆப்பரேஷன்தான், வேறு வழியில்லை என்றார். மாத்திரையை மறுபடி ஜமீலா கையில்தான் கொடுக்கச் சொன்னார். நர்ஸ் தயங்கினார். இனி அந்த அம்மாவைவிடப் பத்திரமான ஆள் இந்த வார்டில் கிடையாது என்றார் டாக்டரம்மா.

அந்தப் பதினைந்து நாளைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. முகம் பூசணி மாதிரி உப்பியது. மருந்தின் குணம், பிறகு வடிந்துவிட்டது. பசி, எப்போது பார்த்தாலும் பசி. மண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்க்க வந்து, அடையாளம் தெரியாமல் பக்கத்துக் கட்டில் ஆளிடம் போய் காதர் பாய் எங்கே என்று கேட்டார். சடையன், "அவரு ஊருக்குப் போயிட்டாரு, இவரு அவர் அண்ணன்" என்று தயங்காமல் சொன்னார். நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் ஒன்றே ஒன்றுதான். ஏறுமா, ஏறாதா. ஜமீலா என்னைவிட மோசம். ஏறாவிட்டால் அந்த எட்டு நாள்தான் காரணம் என்று ஆயுசு முழுக்க நினைப்பாள். ரத்தத்தை எடுத்துக்கொண்டு போன அன்று, அவள் என் காலடியில் உட்கார்ந்து என் பாதத்தில் பழைய புள்ளிகள் மங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டரம்மா கையில் சீட்டோடு வார்டு வாசலில் தெரிந்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் உள்ளே வரவில்லை. ஜமீலாவைக் கை காட்டி அழைத்தார். வராந்தாவில் அவர் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஜமீலா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஒருமுறை தலையாட்டினாள். ஏதோ கேட்டாள். மறுபடி தலையாட்டினாள். டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆப்பரேஷன் வேணாம்னுட்டாங்க. இன்னும் ஒரு வாரம் இங்க, அப்புறம் வூட்டுக்கு. மாத்திரையை வாரத்துக்கு ஒண்ணா ரெண்டா இறக்குவாங்க. மறுபடி வந்தாலும் வரலாமாம், மாசம் ஒருக்கா ரத்தம் பாக்கணும். அவ்வளவுதாங்க."

கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தோரு வருஷக் குடும்பத்தில், பேசுவதற்கு ஒரு வார்த்தையும் கிடைக்காத நேரம் எனக்கு அது ஒன்றுதான். அல்லாஹ்வுக்கு நன்றி என்று மனசுக்குள் சொன்னேன். டாக்டரம்மாவுக்கும், ஒன்பது மூட்டைக்காரர்களுக்கும், பஸ்ஸில் எழுந்து எழுந்து நின்ற ரஹீமுக்கும், முந்தானை முடிச்சை அவிழ்த்தவளுக்கும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சடையன் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். "என்ன பாயி, என்னதான் சொன்னாங்களாம்?"

வார்டில் நாலைந்து பேர் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவளைக் கேளுங்க" என்றேன்.